அத்தியாயம் 5: விளையாட்டுப் பீரியடில் எத்தனை பேர் ஓடுகிறார்கள்?

காரைக்கால் அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கின. பேச்செல்லாம் புதிய பாடப் புத்தகங்களையும் பொதுத்தேர்வையும் சுற்றியே போனது. கூடவே வந்த ஒரு விதி அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்குத் தினம் ஒரு பீரியட் உடற்கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று சி.பி.எஸ்.இ. 2018-19 முதலே சொல்லிவருகிறது. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ பி.டி. பீரியட், அதிலும் பாதி கணக்கு வாத்தியாருக்குத் தாரைவார்ப்பு என்று பழகிய பள்ளிக்கு இது சின்ன விஷயமில்லை. விதியைக் காட்டிப் பீரியடை வாங்கிவிடலாம். வாங்கிய பீரியடில் பிள்ளைகள் உண்மையில் அசைகிறார்களா என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். அதற்கு முந்தைய ஆண்டு, 146 நாடுகளின் கணக்கைத் திரட்டி லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு, 11 முதல் 17 வயது மாணவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை என்றது. பெண் பிள்ளைகளில் 85 சதவீதம், ஆண் பிள்ளைகளில் 78. கிளிஞ்சல்மேட்டிலோ பட்டினச்சேரியிலோ சாயங்காலம் மணலில் பந்து உதைக்கும் பையனுக்கு நம் பீரியட் பெரிய விஷயமே இல்லை. பஸ்ஸில் வந்து, பஸ்ஸில் திரும்பி, ட்யூஷன் முடித்து ஏழு மணிக்கு வீடு சேரும் பெண்ணுக்கு அன்றைய ஓட்டம் முழுக்க இந்த நாற்பது நிமிடத்துக்குள்தான். திட்டம் போடும்போது அந்தப் பெண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் எண்ணுங்கள். அமெரிக்காவில் தாம் மெக்கென்சியும் அவருடைய குழுவினரும் 1991-இல் வெளியிட்ட ஒரு கண்காணிப்பு முறை இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதை நம் வசதிக்குச் சுருக்கிச் சொல்கிறேன்.

வகுப்பில் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கூல் டீமில் இருக்கும் பிள்ளை வேண்டாம், எப்போதும் மரத்தடியில் உட்காரும் பிள்ளையும் வேண்டாம். வரிசையின் நடுவில், பெயர் சட்டென்று நினைவுக்கு வராத ஒரு பிள்ளை. மணி அடித்ததிலிருந்து 20 நொடிக்கு ஒருமுறை அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்து ஓர் எழுத்து போடுங்கள்: உட்கார்ந்திருந்தால் உ, நின்றால் நி, நடந்தால் ந, ஓடினாலோ குதித்தாலோ ஓ. நாற்பது நிமிடத்தில் 120 எழுத்து சேரும். அதில் ந-வும் ஓ-வும் சேர்ந்து 60 வந்தால் பீரியட் தேறியது. பல நாடுகளில் நல்ல உடற்கல்வி வகுப்புக்கு வைக்கும் அளவு இதுதான்: பாதி நேரமாவது அசைவு.

பி.டி. சாரோ டீச்சரோ வகுப்பை நடத்திக்கொண்டே எண்ண முடியாது. காய்ச்சல் விட்டு வந்து ஓரமாக உட்கார்ந்திருக்கும் மாணவியிடம் நோட்டையும் கடிகாரத்தையும் கொடுங்கள். பெரியவர்களை விடக் கறாராக எண்ணுவாள். யாரை எண்ணுகிறாள் என்பது மட்டும் வெளியே தெரியக் கூடாது.

எண்ணி முடித்ததும் நோட்டில் ‘நி’ நிறைந்து கிடக்கும். அதற்குப் பிள்ளைகளின் சோம்பல் காரணமல்ல. கிரவுண்டுக்கு வந்து சேர்வது, உயர வரிசையில் நிற்பது, அட்டென்டன்ஸ், ‘நேற்று யார் ஷூ போடவில்லை’ என்ற விசாரணை, பந்து எடுத்துவர ஆள் அனுப்புவது, இரண்டு கேப்டன்கள் ஆள் பிரிப்பது என்று எல்லாமே நிற்கவைக்கும் வேலைகள். கடைசியாகத் தேர்வாகும் பிள்ளை அந்த அவமானத்தையும் நின்றுகொண்டேதான் வாங்கிக்கொள்கிறது. ஆள் பிரிக்கும் வேலையை நோட்டில் எழுதி முதல் நாளே முடித்துவிடலாம். அட்டென்டன்ஸை நடையிலேயே எடுக்கலாம்: முதல் சுற்று ஓடும்போது உங்களைத் தாண்டும் ஒவ்வொருவரும் தன் ரோல் நம்பரைச் சத்தமாகச் சொல்லட்டும். இரண்டு நிமிடத்தில் வருகைப் பதிவும் வார்ம்-அப்பும் சேர்ந்து முடிந்துவிடும்.

அணிவகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், வெறும் டிரில்லாக இருந்த பள்ளி உடற்பயிற்சிக்குள் விளையாட்டைக் கொண்டுவரப் பாடுபட்டவர். நூறு வருஷம் தாண்டியும் நம்மை அட்டென்ஷனும் ஸ்டாண்ட்-அட்-ஈஸும் விடவில்லை. காரைக்காலுக்கு இதில் கூடுதல் பாரம் உண்டு. சுதந்திர தினம், குடியரசு தினம் போக, 1954-இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறிய நவம்பர் 1-ஆம் தேதியும் நமக்கு விடுதலை நாள். ஒவ்வொன்றுக்கும் அணிவகுப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒத்திகை. ஒத்திகை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அணிவகுப்பில் கலந்துகொள்ளும் பிள்ளைகளை மட்டும் தனி நேரத்தில் கூப்பிடுங்கள். மற்ற பிள்ளைகளை வேடிக்கை பார்க்க நிறுத்தி வைக்காதீர்கள்.

ஆட்டத்தை மாற்றாதீர்கள், விதியை மாற்றுங்கள்

2013-இல் ராபர்ட் வீவர், காலின் வெப்ஸ்டர், மைக்கேல் பீட்ஸ் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், பிள்ளைகளை நிறுத்தி வைக்கும் குற்றவாளிகளைப் பட்டியலிட்டார்கள். நீண்ட வரிசை, ‘அவுட்’ ஆக்கி வெளியேற்றுதல், பெரிய அணி, ஓரத்தில் ஒதுங்கிய பிள்ளைகளும் ஆசிரியர்களும் என்று நான்கு. இந்த நான்கும் நேராதபடி இடம், சாமான், விதி ஆகியவற்றை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். நம் ஆட்டங்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் சில ஆச்சரியங்கள் கிடைக்கும்.

கோ-கோவை எடுத்துக்கொள்வோம். கொஞ்ச இடத்தில் ஆடக்கூடிய, அருமையான ஆட்டம். ஆனால் முறையான விதிப்படி எட்டுப் பேர் குந்தியிருக்க, ஒருவர் விரட்ட, மூன்று பேர் தப்பி ஓடுவார்கள். நாற்பது பேர் வகுப்பில் ஒரு நேரத்தில் ஓடுவது நான்கே பேர். மீதி முப்பத்தாறு பேரில் எட்டுப் பேருக்கு முழங்கால் வலி, இருபத்தெட்டுப் பேருக்கு வேடிக்கை. இதையே பத்துப் பத்துப் பேராக நான்கு இடத்தில் பிரித்துப் போடுங்கள். ஒரு பக்கம் ஐந்து பேர்: நால்வர் குந்தி, ஒருவர் விரட்டல். மறுபக்கம் ஐந்து பேருமே ஓட்டம். தொடப்பட்டவர் வெளியே போக வேண்டாம். விரட்டும் அணிக்கு ஒரு புள்ளி, ஓட்டம் தொடரட்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். இப்போது ஒரே நேரத்தில் 24 பேர் ஓடுகிறார்கள். கம்பத்துக்கு மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில் போதும், கோட்டுக்குச் சுண்ணாம்புத் தூள்.

கபடியிலும் சிக்கல் இந்த ‘அவுட்’தான். முதல் ரெய்டில் பிடிபடுவது பெரும்பாலும் உடல் கனத்த பிள்ளை. அதிகம் ஓட வேண்டிய பிள்ளை அதிக நேரம் வெளியே உட்காருகிறது. வெளியேறியவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் பத்துத் தடவை குதித்துவிட்டுத் தானாக உள்ளே வரலாம் என்று ஒரே ஒரு விதியைச் சேருங்கள். டீம் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். ‘மேட்சுக்கு மேட்ச் விதி, பீரியடுக்கு பீரியட் விதி’ என்று சொல்லிவிடுங்கள்.

கொலை கொலையா முந்திரிக்கா ஆடும்போது முழு வகுப்பும் வட்டமாக உட்கார்ந்திருக்க, ஓடுவது இரண்டு பேர். ஆறு பேர் கொண்ட குட்டி வட்டங்களாக்கினால் முறை சீக்கிரம் வந்துவிடும். லாக் அண்ட் கீ ஆட்டத்துக்கு எந்தத் திருத்தமும் தேவையில்லை. பூட்டிய ஆளை இன்னொருவர் வந்து திறந்துவிடுவதால் யாரும் நிரந்தரமாக வெளியேறுவதே இல்லை. நம் குழந்தைகளாகவே தெருவில் வடிவமைத்த ஆட்டம், நிபுணர்கள் சொன்ன நான்கு நிபந்தனையையும் தாண்டிவிடுகிறது! பிடிக்கிறவர்களை மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கிரிக்கெட்டைத் தடை செய்தால் வகுப்பே பகையாகும். எட்டு எட்டுப் பேராகப் பிரித்து, டென்னிஸ் பந்தும் பலகை மட்டையும் கொடுத்து, மட்டையில் பட்டால் ஓடியே ஆக வேண்டும், ஆறு பந்துக்கு மேல் யாருக்கும் பேட்டிங் கிடையாது என்று வையுங்கள். லாங்-ஆனில் கைகட்டி நிற்கும் வேலை ஒழியும்.

வளையப்பந்து, அதாவது ரிங், ஏன் பள்ளிகளில் குறைந்துவிட்டது என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு பேருக்கு ஒரு ரப்பர் வளையம், நடுவில் ஒரு கயிறு. வராந்தா ஓரத்தில்கூட ஆடலாம். பூப்பந்து நம் டெல்டாவின் சொந்த ஆட்டம். தஞ்சாவூர் அரச குடும்பத்தார் 1856 வாக்கிலேயே ஆடியதாக அதன் வரலாறு சொல்கிறது. ஐந்து பேர் அணி, மஞ்சள் கம்பளி நூல் பந்து. காற்று பலமாக அடிக்கும் கடற்கரைப் பக்கத்தில் இறகுப் பந்து பறந்துவிடும், பூப்பந்து ஓரளவு தாங்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, வியர்த்தால் போதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பந்தைப் பிடிக்கத் தெரியாத பிள்ளை பதினான்கு வயதில் மைதானத்தை விட்டு ஒதுங்கும். அப்புறம் திரும்பி வருவது அபூர்வம். எறிதல், பிடித்தல், உதைத்தல், ஒற்றைக் காலில் தாவி இறங்குதல் ஆகியவற்றில் ஒன்றை ஒவ்வொரு பீரியடிலும் பத்து நிமிடம் சொல்லிக் கொடுங்கள். சொல்லிக் கொடுக்கும்போதும் ஒரு பந்துக்கு இருவர் என்ற கணக்கு இருக்கட்டும். ஒரே பந்தை வைத்து இருபது பேர் வரிசையில் நின்றால், ஒவ்வொருவர் கையிலும் பந்து படுவது இரண்டு தடவை.

பீரியடைக் கடன் கேட்டு வருபவர்கள்

“சார், போர்ஷன் முடியல. ஒரு பீரியட் மட்டும் குடுங்க சார்.”

“குடுக்கறேன் டீச்சர். நாளைக்கு உங்க ரெண்டாவது பீரியட் எனக்கு. இந்த நோட்டுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.”

இந்த நோட்டு ஒன்று போதும், கடன் பாதியாகக் குறையும். சண்டை வேண்டாம், கணக்கு மட்டும் வையுங்கள். மாதக் கடைசியில் ஹெச்.எம். மேசையில் வைத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலினே மேடையில் நின்று, கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் பி.டி. பீரியடைக் கடன் வாங்க வேண்டாம், முடிந்தால் உங்கள் பீரியடைக் கடன் கொடுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. விளையாடினால் மார்க் குறையும் என்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-இல் 50 ஆய்வுகளை அலசியபோது, உடற்பயிற்சிக்கும் படிப்புக்கும் இடையே பார்த்த தொடர்புகளில் பாதிக்குச் சற்று மேல் நல்ல விளைவைக் காட்டின; கெடுதல் காட்டியவை 1.5 சதவீதம், மற்றதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மார்க் ஏறும் என்று பெற்றோரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். குறையாது என்று தைரியமாகச் சொல்லலாம்.

வெயில், மழை, மணல்

சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காரைக்காலில் மூன்று வகை கிரவுண்டு இருக்கிறது. டவுனுக்குள் சிமென்ட் போட்ட குறுகிய முற்றம், திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் மழை பெய்தால் காலை விடாத களிமண் திடல், கடலோரக் கிராமங்களில் மணல். பொதுவான ஒரு திட்டம் மூன்றுக்கும் பொருந்தாது.

மணல் பள்ளிகள் தங்களுக்குக் கிரவுண்டு இல்லை என்று குறைபடுவதுண்டு. 1998-இல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்தார்கள்: மணலில் நடக்கக் கெட்டித் தரையைப் போல 2.1 முதல் 2.7 மடங்கு சக்தி செலவாகிறது, ஓடுவதற்கு 1.6 மடங்கு. ஆகவே மணலில் பதினைந்து நிமிடத் தொட்டுப் பிடிக்கும் ஆட்டமே பலமான பயிற்சி. விழுந்தாலும் அடி குறைவு. ஆட விடுவதற்கு முன் கண்ணாடிச் சில்லு, தூண்டில் முள், வலைத் துண்டு கிடக்கிறதா என்று இரண்டு பெரிய பிள்ளைகளோடு ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். கடலில் கால் நனைக்க விடாதீர்கள். வீட்டில் மீன்பிடிப் படகு இருக்கும் பிள்ளைக்கும் அதே விதிதான்.

வெயில் விஷயத்தில் தெர்மாமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. காலை 11-க்கும் பிற்பகல் 3-க்கும் நடுவே திறந்த வெளியில் 600 மீட்டர் ஓட்டம் வைப்பது ஆபத்து. டைம்-டேபிள் போடும்போது அந்த நேரத்து பீரியடுகளை நிழலில் ஆடும் ரிங், ஸ்கிப்பிங், சமநிலைப் பயிற்சிகளுக்கு ஒதுக்கிவிடுங்கள். தலைசுற்றல், வாந்தி, பேச்சுக் குழறல் எதைக் கண்டாலும் ஆட்டத்தை நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பேச்சு குழறினால் நேரே மருத்துவமனை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்த மூன்று மாதமும் பீரியட் காணாமல் போவது வழக்கம். மழைக்கால ஆட்டங்களை ஜூலையிலேயே சொல்லிக் கொடுத்து வைத்தால் பிள்ளைகள் தாமே தொடங்குவார்கள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி நொண்டிப் பாண்டி, இடத்திலேயே ஸ்கிப்பிங், பந்தில்லாமல் ஆசிரியர் கைகாட்டும் திசையில் தாவுவது என்று எதுவும் ஆகும். ஈரச் சிமென்ட் தரையில் ஓட்டம் மட்டும் வேண்டாம். வழுக்கி விழுந்து கை ஒடிந்தால், அந்த வருஷம் முழுக்கக் கிரவுண்டுக் கதவு திறக்காது.

பெண் பிள்ளைகள்

எட்டாம் வகுப்பு வரை ஓடிக்கொண்டிருந்த பெண், ஒன்பதாம் வகுப்பில் ‘வயிறு வலிக்குது டீச்சர்’ என்று ஓரமாக உட்காரத் தொடங்குகிறாள். உண்மையில் வலி இருக்கலாம். பெரும்பாலும் காரணம் உடை, கழிப்பறை, பார்க்கிற கண்கள். துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டு யாராலும் ஓட முடியாது. பி.டி. நாளில் வீட்டிலிருந்தே டி-ஷர்ட்டும் டிராக்கும் அணிந்து வர அனுமதி வாங்குங்கள். காரைக்கால் டவுனில் ஹிஜாப் அணிந்து வரும் பிள்ளைகளுக்கு முழுக்கை டி-ஷர்ட், இறுக்கமாகக் கட்டிய தலைத்துணி என்று வீட்டாரோடு பேசி முடிவு செய்யுங்கள். கேட்டுப் பேசினால் மறுப்பவர்கள் குறைவு. ரோட்டோர கேட்டுக்குப் பக்கத்தில் இல்லாத ஒரு மூலையைப் பெண் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பையன்கள் முழு கிரவுண்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடும் வழக்கத்தை நிறுத்த, வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் நடு கிரவுண்டு பெண்களுக்கு என்று போர்டிலேயே எழுதி ஒட்டுங்கள். மாதவிடாய் நாளில் விளையாடலாம், விரும்பாவிட்டால் நடக்கலாம், எண்ணும் நோட்டைப் பிடிக்கலாம், விளக்கம் கேட்காதீர்கள். கொஞ்சம் ஓடியதும் முகம் வெளுத்து மூச்சிரைக்கும் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்லும் முன், ரத்தசோகை இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

தொடக்கப் பள்ளிக்கு பி.டி. சார் இல்லை

கல்வி உரிமைச் சட்டம் 2009, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் பகுதிநேர உடற்கல்விப் பயிற்றுநர் கேட்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பு டீச்சர்தான் எல்லாம். அவருக்கு ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரத் தலைமையாசிரியை எலைன் வைலி 2012-இல் தொடங்கிய ‘டெய்லி மைல்’ பொருந்தும். தினமும் 15 நிமிடம் பிள்ளைகள் பள்ளியைச் சுற்றி ஓடலாம் அல்லது நடக்கலாம். போட்டியும் இல்லை, சீருடை மாற்றமும் இல்லை. டீச்சரும் கூடவே நடப்பது நல்லது. காலையில் பால் குடித்த கையோடு ஓடவிடாதீர்கள், அரை மணி நேரம் போகட்டும். இதனால் எடை குறையும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். மூச்சுத் திறன் கூடும், அது போதும்.

டெஸ்டும் சாமானும்

கேலோ இந்தியா உடற்தகுதித் தேர்வில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உயரம்-எடை, ஒற்றைக் காலில் நிற்றல், தட்டு தொடுதல். நான்கிலிருந்து 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டங்கள், உட்கார்ந்து குனிதல், பாதி எழும் வயிற்றுப் பயிற்சி, புஷ்-அப். 600 மீட்டருக்கு டிராக் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்: 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் கட்டம் போட்டால் சுற்று 60 மீட்டர், பத்துச் சுற்று. மணலில் எடுத்த நேரத்தைக் கெட்டித் தரை நேரத்தோடு ஒப்பிட வேண்டாம். யாருடைய எடையையும் வகுப்பில் உரக்கப் படிக்காதீர்கள். ஒரே பிள்ளையின் ஜூலைக் கணக்கையும் பிப்ரவரிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குத்தான் இந்தத் தேர்வு.

சமக்ர சிக்ஷாவின் விளையாட்டு மானியம் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய், நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 வரை. இந்தப் பணத்தில் ஒரு நல்ல கேரம் போர்டும் இரண்டு லெதர் பந்தும் வாங்கி பீரோவில் பூட்டி வைத்துவிடலாம்; அப்படித்தான் பல இடங்களில் நடக்கிறது. எண்ணிக்கையை முதலில் பாருங்கள்: வகுப்பில் இருவருக்கு ஒன்று வீதம் ரப்பர் பந்து, நான்கு பேருக்கு ஒரு ரிங், தலைக்கு ஒரு ஸ்கிப்பிங் கயிறு (கடையில் மீட்டர் கணக்கில் நைலான் கயிறு வாங்கி நுனியைச் சுட்டு முடிச்சுப் போட்டால் போதும்), சுண்ணாம்புத் தூள் ஒரு மூட்டை, கோன் இருபது. காற்றடிக்கும் பம்புக்கு ஊசி அரை டஜன் சேர்த்து வாங்குங்கள். எந்தப் பள்ளியிலும் முதலில் காணாமல் போவது அதுதான். ஊசி இல்லாத வாரத்தில் பத்துப் பந்தும் சும்மா கிடக்கும்.